மலைநாட்டு முற்றமும் மழைநீரும்

ஜூபிலி மலரொன்றில் எழுதுதற்குக் கல்வி, சமயம், மொழி, கல்லூரியின் பழம்பெருமை என எத்தனையோ பொருள்கள் இருக்க, வீட்டு முற்றத்திற்கு எவ்வகைக் கல் பதிப்பது என்பதைப் பற்றி எழுதப் புகுவது அன்பர் சிலர்க்கு நகைப்பை விளைத்தல் கூடும். ஆயினும் நம் பழைய மாணவருட் பலர் இன்று ஊவா மாகாணத்திலே வீடும் நிலமும் உடையவர். சிலர் எல்லவிலும் பண்டாரவளையிலும் விடுதி நடத்துவோர். வேறு சிலர் அவற்றிற்கு வரைபடம் எழுதும் பொறியியலார். அவர்கள் தம் வாசலில் எதைப் பரப்புகின்றார்கள் என்பதைப் பொறுத்து, மலையின் கீழ்ப்புறத்திலே வாழ்வாருடைய சுவர் நிற்பதும் விழுவதும் ஓரளவு அமைகின்றது. ஆகலின் இப்பொருள் நகைத்து விடத்தக்கதன்று என்பது எனது துணிபு.

எல்ல என்னும் ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்குச் சற்று மேலே, மலை இரண்டாகப் பிளந்து தென்சமவெளியை எட்டிப் பார்க்கும் ஒரு வாயிலிலே அமைந்திருக்கின்றது. அப்பிளவின் வழியே இறங்கும் நீர் கிரிந்தி ஓயாவை அடைந்து லுணுகம்வெஹர நீர்த்தேக்கத்திற் சேர்கின்றது. தெமோதரைப் பக்கமாக இறங்கும் நீரோ பதுளு ஓயாவிற் கலந்து, மகாவலி வழியே, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவைக் காண்கின்றது. ஒரே மேகம் பெய்த மழை ஒரு பாதி தென்கடலுக்கும் மறுபாதி கீழ்க்கடலுக்கும் போகும் இம்மேட்டு நிலத்தில், ஒரு துளி நீர் எவ்வளவு நேரம் மண்ணில் தங்கிப் போகின்றது என்பது கீழே வயல் செய்வார் பலருக்கும் உரிய வினாவாகும்.

இவ்வூருக்கு வரும் உல்லாசப் பயணிகள் அனைவரும் 1921 ஆம் ஆண்டிலே கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைக் கண்டு வியந்து படம் பிடித்துச் செல்கின்றனர். வியக்கத் தக்கதே. ஆனால் 1924 இல் பதுளை வரை இருப்புப் பாதை போட்டவர்கள், அப்பாலத்துக்குச் செலுத்திய கருத்திற்குச் சற்றும் குறையாமல் பாதையோரக் கான்களுக்கும் மதகுகளுக்கும் செலுத்தினார்கள் என்பதை எத்தனை பேர் நோக்குகின்றனர்? மலையை வெட்டியவன் முதலில் மழைக்கு வழி சொல்ல வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

தோட்டங்களிலும் அப்படியே. கோப்பிக் காலத்துத் துரைமார் காட்டை வெட்டி, களை ஒன்றும் இன்றி மண்ணைத் துடைத்து வைத்ததன் பயனாக, மேல்மண் பெரும்பகுதி ஆற்றோடு போயிற்று. பின்னர் தேயிலை வந்த காலத்திலே, சரிவின் குறுக்காகக் கான் வெட்டுவதும், கானுக்குள் இடையிடையே குழி விட்டு வண்டலைத் தடுப்பதும், கல் அணை கட்டுவதும் தோட்ட வேலையின் அங்கங்களாயின. அந்தக் கான்களை வெட்டியவர்கள் தமிழகத்திலிருந்து வந்த நம் மக்கள். நீர் மலையிலே ஓடக்கூடாது, நடக்க வேண்டும் என்பதே அவ்வேலையின் உட்பொருள். நாடு சுதந்திரம் அடைந்த பின், 1951 இல், மண் பாதுகாப்புச் சட்டம் ஒன்றும் இயற்றப்பட்டது. ஆக, இவ்விடயத்திலே நமக்குப் புதிதாய் எவரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. கற்றதை வீட்டு வாசலிலும் விடுதி முன்றிலிலும் மறந்து போனோம் என்பதே குறை.

இன்று நடப்பதென்ன? நேற்று வரை தேயிலையும் புல்லும் நின்ற சரிவிலே மண்ணை வெட்டித் தட்டையாக்கி, மோட்டார் வண்டிகள் நிற்பதற்கென்று கொங்கிறீற் தளம் போடுகின்றனர். வீதியிலிருந்து வீட்டுக்கு இறங்கும் பாதையும் கொங்கிறீற். பின்புறத்தில் விருந்தினர் இருந்து மலையைப் பார்க்கும் திண்ணையும் ஓடு பதித்த தளம். இவற்றில் விழும் மழையைக் கணக்கிட்டுப் பார்த்தவர் சிலரே. 1,000 சதுர அடித் தளத்தின் மீது 1 அங்குல மழை பெய்தால் 83 கன அடி நீர் சேரும். அஃதாவது ஏறத்தாழ 2,360 லீற்றர், நிறையிலே இரண்டே கால் தொன்னுக்கு மேல். ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் மாலை மழை இதனைச் சிறிது பொழுதில் கொட்டிவிடும். இவ்வளவும் ஒரு மூலையிலுள்ள நாலங்குலக் குழாயாற் போகும் என்று நம்பி, அக்குழாயின் வாயைக் கீழ்ச் சரிவை நோக்கித் திறந்து விடுகின்றனர். அதன் பின் என்ன ஆகின்றது என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏனெனில் அவர்கள் மேலே இருக்கின்றனர்.

கீழே இருப்பது பெரும்பாலும் லயம். ஒரு விடுதி முன்றிலின் நீர் தாங்கக் கூடியதாயிருக்கலாம். அடுத்தடுத்து ஏழெட்டு முன்றில்களின் நீர் ஒரே பள்ளத்தில் இறங்கினால், அது தேயிலை வேரை அரித்து, பழைய கானை உடைத்து, லயத்தின் பின்சுவருக்கும் மண்மேட்டுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய சந்திலே தேங்குகின்றது. அச்சந்திலே நீர் நிற்கும் வீட்டில் சுவர் வியர்ப்பதையும் குழந்தைகளுக்கு இருமல் விடாதிருப்பதையும் தோட்டத்திற் கற்பித்த ஆசிரியர் யாவரும் அறிவர். மழைக்காலத்து அல்லல் இது. யூன் முதல் செப்டெம்பர் வரையுள்ள வறட்சிக்காலத்தின் அல்லல் இதற்கு நேர் மறுதலை. மழையின்போது மண்ணுள் இறங்காத நீர், வெயிலின்போது பீலியில் வருவதெப்படி? அதே லயத்துப் பெண்கள் அப்போது குடத்தை எடுத்துக் கொண்டு, மெலிந்து சொட்டும் பீலியடியிலே காத்து நிற்கின்றனர். மேலேயுள்ள விடுதிக்குக் கொள்கலன் வண்டியில் தண்ணீர் வரும்.

நிலத்தடி நீர் எத்துணை மென்மையானது என்பதை ஊவா மக்கள் ஒருமுறை கசப்பாகவே அறிந்து கொண்டனர். உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துள் 2014 டிசெம்பரிலே பெருநீர் புகுந்தபோது, பண்டாரவளைச் சுற்றாடலில் கிணறுகளும் ஊற்றுக்களும் வற்றின, வீடுகள் வெடித்தன. அத்திட்டம் 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. ஒரு பெருஞ்சுரங்கத்தின் விளைவையும் ஒரு வீட்டு முற்றத்தின் விளைவையும் ஒரே தராசில் வைக்க யாம் கூறவில்லை. மலையின் உள்ளே நீர் ஓர் ஒழுங்கில் இருக்கின்றது, மேலேயோ கீழேயோ செய்யும் வேலை அவ்வொழுங்கைக் குலைக்கும் என்னும் அளவுக்கே அஃது எடுத்துக்காட்டு.

இதுவரை வாசித்தவர், ‘அவ்வாறாயின் மழைநீர் முழுவதையும் மண்ணுக்குள் விட்டுவிடுவதே நன்று’ என்று முடிவு செய்தல் கூடும். சமவெளியிலே அம்முடிவு சரி. மலையிலே அது பாதி உண்மைதான். 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை, கொஸ்லந்தைக்கு அண்மையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண் மூடியதை நாம் மறக்கவியலாது. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயல் கொணர்ந்த மழையால் நாடெங்கும் 600 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். பதுளை மாவட்டமும் மிகுந்த உயிரிழப்பைக் கண்டவற்றுள் ஒன்று. மண்ணின் துளைகளில் நீர் நிறைந்து அழுத்தும்போது மண்துகளுக்கும் மண்துகளுக்கும் உள்ள பிடிப்பு தளர்கின்றது. முன்னொரு காலத்துச் சரிந்து வந்து தங்கிய மண் அடிப்பாறையை விட்டு மறுபடியும் நகர்கின்றது. அத்தகைய சரிவின் தலையிலே, நன்மை செய்வதாக எண்ணி, நீரை உள்ளே இறக்குவது தீமையாய் முடியும். அத்துணைப் பெருமழையின்போது எந்த முற்றமும் மலையைக் காப்பாற்றப் போவதில்லை என்பதையும் ஒளிக்காமற் சொல்லிவிட வேண்டும். முற்றத்தின் வேலை, ஆண்டுதோறும் வரும் சாதாரண மழையோடுதான்.

எனவே, கல்லைத் தெரிவதற்கு முன் இடத்தைத் தெரிந்து கொள்ளல் வேண்டும். தட்டையான அல்லது மெல்லச் சாய்ந்த நிலம், 100 அடிக்கு 5 அடிக்கு மேற்படாத சாய்வு, வீட்டு அத்திவாரத்திலிருந்து பத்தடியேனும் விலகிய இடம், இவை நீரை உள்ளே விடும் தளத்திற்கு ஏற்றவை. வெட்டிய மண்மேட்டின் உச்சி, தடுப்புச் சுவரின் தலை, நிரப்பிய மண், புதிய வெடிப்புக் காணும் நிலம், மரங்கள் சாய்ந்து நிற்கும் சரிவு, திடீரெனக் கலங்கல் நீர் கசியும் இடம் ஆகியவற்றில் அது கூடாது. அங்கே நீரைச் சீமெந்துக் கானிலே பிடித்து, படிப்படியாக இறக்கி, பாதுகாப்பான ஓடையிற் சேர்ப்பதே முறை. ஐயமுள்ளவிடத்துத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாரைக் கேட்டல் வேண்டும். 2011 முதல் பதுளை முதலிய மண்சரிவு அபாய மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கு அந்நிறுவனத்தின் சிபாரிசு தேவைப்படுகின்றது. ஆனால் வீடு கட்டி முடிந்த மறு ஆண்டு வாசலுக்குக் கொங்கிறீற் போடுவதற்கு யார் அனுமதி கேட்கின்றனர்?

இனிப் பொருள்களைப் பார்ப்போம். எல்லாவற்றிலும் எளியது சல்லி. முக்கால் அங்குலக் கருங்கற் சல்லியை நாலங்குல உயரத்துக்குப் பரப்பி, ஓரத்திற்குக் கல் வரம்பு கட்டினால் மழை அப்படியே இறங்கும். குறை என்னவெனில், சாய்ந்த பாதையில் சில்லு பட்டுக் கல் உருண்டு கீழே போகும். முதியோர்க்கு நடக்க இடர்ப்பாடு. ஆற்றிலிருந்து கூழாங்கல் அள்ளிவந்து போடுவோரும் உளர். ஓர் ஆற்றை அழித்து ஒரு முற்றத்தைக் காப்பது என்ன நியாயமோ அறியேன். சல்லியையும் கிறவலையும் ஒன்றென மயங்குதலும் கூடாது. கிறவல் களிமண் கலந்தது. நாலு மாதம் வண்டி ஓடினால் இறுகிப் பாறையாகி, நீரை உள்ளே விடாமல், மேலாகக் கரைந்து சேறாய் ஓடும். ‘மண் வாசல்தானே, நீர் ஊறும்’ என்பது கிறவல் வாசலுக்குப் பொருந்தாது.

துளையுள்ள கொங்கிறீற் கற்களைப் பதித்து அத்துளைகளிற் புல் வளர்ப்பது கண்ணுக்கு இனியது. எப்போதாவது வண்டி நிற்கும் இடத்திற்கு ஏற்றது. நாள் முழுதும் வண்டி நிற்கும் விடுதி முன்றிலில் வெயில் படாமற் புல் செத்து, துளையெல்லாம் சேறாகிவிடும்; பின் உரிமையாளர் சினங்கொண்டு அதன் மேலேயே சீமெந்து பூசிவிடுவார்.

என் மதிப்பில் இம்மலைநாட்டுக்கு மிகப் பொருந்துவது, கையால் உடைத்த கருங்கல்லைச் சற்று இடைவெளி விட்டுப் பாவுவதுதான். கல் இங்கேயே கிடைக்கின்றது. பாவும் கைகளும் இங்கேயே உள்ளன. பழைய தோட்டப் பாதைகளிலே அடுக்கிய கல் இன்றும் வண்டி தாங்குகின்றது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே அரை அங்குல இடைவெளி விட்டு, அதிலே பொடிச் சல்லியை நிரப்பினால் நீர் இறங்கும், சில்லும் வழுக்காது. நிலையான கருங்கல்லுக்கு வசதி இல்லாதவர் கடைகளில் விற்கும் இன்ரலொக் கற்களையே எடுத்துக் கொள்ளலாம்; நடைபாதைக்கு 60 மில்லிமீற்றர் தடிப்பும், வண்டி ஏறும் இடத்துக்கு 80 மில்லிமீற்றர் தடிப்பும் வேண்டும். ஆனால் சாதாரண இன்ரலொக் கல்லை நெருக்கி அடுக்கி, இடுக்கிலே தூள் மணலை அடைத்தால், சில பருவத்திலே அது கொங்கிறீற்றைப் போலவே நீரைத் தள்ளிவிடும். இதனை விற்பவர் சொல்வதில்லை. வாங்குபவரே அறிந்திருக்க வேண்டும்.

மணல் சேராமல், சல்லியைச் சீமெந்துப் பசையாற் பிணைத்துச் செய்யும் துளைக் கொங்கிறீற் என்றொன்றும் உண்டு. அதன் கனவளவில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபத்தைந்து வரை வெற்றிடம். செவ்வையாகச் செய்தால் சிறந்தது. தண்ணீர் சிறிது கூடினால் பசை கீழிறங்கி அடியை அடைத்துவிடும், குறைந்தால் சல்லி உதிரும். பழக்கமில்லாத மேசன்மாரிடம் அதை ஒப்படைத்தல் வீண் செலவு.

மேற்கல் எதுவாயினும், இத்தளங்களின் உயிர் அடியிலே இருக்கின்றது. நம் ஒப்பந்தகாரர் வழக்கமாக வீதி வேலைக்குப் போடும் தூள் கலந்த ஏ.பி.சி. சல்லியை இறக்கி, உருளையால் இறுக்கிவிடுவர். வீதிக்கு அது நன்று. நீர் இறங்க வேண்டிய தளத்துக்கு அது மூடி போட்டதற்கு ஒப்பாகும். தூள் நீக்கிச் சலித்த சல்லிதான் வேண்டும். அத்தகைய சல்லிப் படையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம் இருக்குமாதலால், 12 அங்குலப் படை 4 அங்குல மழையைத் தன்னுள்ளே தாங்கி, ஆறுதலாக மண்ணுக்கு விடும். மண்ணுக்கும் சல்லிக்கும் நடுவே, மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் துணியை விரித்தல் நலம். நிலம் சாய்வாயின் அடிப்படையைப் படிக்கட்டாக வெட்டி, இடையிடையே குறுக்குத் தடுப்பு வைக்க வேண்டும்; இன்றேல் நீர் சல்லிக்குள்ளேயே ஓடிப் போய்த் தாழ்ந்த முனையிலே பொங்கும். மிஞ்சிய நீர் போவதற்கு ஒரு குழாய், அக்குழாய் சேர்வதற்கு ஒரு கான். பார்த்தீர்களா, முடிவில் மீண்டும் கானிடமே வந்து சேர்கின்றோம்.

பராமரிப்பும் உண்டு. மேலே வெறும் மண்மேடு இருக்குமாயின் முதல் மழையிலேயே வண்டல் வந்து இடுக்குகளை அடைத்துவிடும். ஆகவே மேட்டிலே முதலிற் புல் நட வேண்டும். ஆண்டுக்கொரு முறையேனும் மாரிக்கு முன் இடுக்குகளைக் கூட்டித் துப்புரவு செய்து, குறைந்த சல்லியை நிரப்ப வேண்டும். ‘ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்’ என்று கொங்கிறீற்றைப் புகழ்வோர், வெடித்த கொங்கிறீற்றைக் கெல்லி எடுக்கும் செலவைக் கணக்கிற் சேர்ப்பதில்லை.

பிற நாடுகள் இதனைத் தனியார் விருப்பத்துக்கு விட்டுவிடவில்லை. இங்கிலாந்திலே 2008 ஒக்டோபர் முதல், வீட்டு முன்றிலில் 5 சதுர மீற்றருக்கு மேல் நீர் புகாத தளம் போட்டு அந்நீரை வீதிக்கு விடுவதாயின் திட்டமிடல் அனுமதி பெற வேண்டும். நீர் புகும் தளமாயின் அது வேண்டியதில்லை. ஜெர்மனியின் பல நகரங்களிலே, மூடப்பட்ட நிலத்தின் பரப்புக்கேற்ப மழைநீர்க் கட்டணம் அறவிடப்படுகின்றது. சீன தேசம் 2015 இல் 16 நகரங்களைத் தெரிந்தெடுத்து, மழையைப் பஞ்சு போல உறிஞ்சும் நகரங்களாக ஆக்கும் பரிசோதனையைத் தொடங்கியது. ஆங்கிலேயனுடைய சட்டத்தை அப்படியே எல்லவுக்குக் கொண்டுவந்தால் அது தீமையாகவும் முடியலாம். இலண்டன் முன்றில் மண்சரிவை அறியாதது. ஆயினும், ‘உன் கூரையிலும் முற்றத்திலும் விழுந்த நீருக்கு நீயே பொறுப்பு’ என்னும் கொள்கை இங்கும் பொருந்தும். பிரதேச சபை ஒரு விடுதிக்கு அனுமதி கொடுக்கும்போது, வரைபடத்தில் அறைகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதோடு, முற்றத்தின் பரப்பு எவ்வளவு, அதன் நீர் எங்கே இறங்குகின்றது, அவ்விடத்திற்குக் கீழே யார் குடியிருக்கின்றனர் என மூன்று கேள்விகளைக் கேட்டாற் போதும். மூன்றாவது கேள்விக்கு விடை எழுத நேர்ந்தாலே பல வரைபடங்கள் மாறும் என்று நினைக்கின்றேன்.

‘இவையெல்லாம் செலவுள்ளவை, ஏழை எங்ஙனம் செய்வான்?’ என்று கேட்பர். ஏழையின் முற்றம் சிறியது. தோட்டங்களிலே புதிய வீடமைப்புத் திட்டங்களின் கீழ் ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பது 7 பேர்ச் காணி. அதில் வீடு போக மீதி வாசலிலே ஒரு சல்லி வரியும், வீட்டின் பின்னே ஒழுங்கான கானும், ஓரத்தில் சேர வேண்டிய புல்லும் இருந்தாற் போதுமானது. இங்கே கூறியன எல்லாம் ஏழையை நோக்கியன அல்ல. இருபது வண்டி நிற்கும் முன்றில் உடையவனை நோக்கியன. பொருளுள்ளவனுக்குச் செலவு காரணமாகாது.

நம் யாழ்ப்பாணத்து முன்னோர் முற்றத்திலே வெண்மணல் பரப்பி, நாள்தோறும் கூட்டிக் கோலமிட்டனர். சுண்ணக்கல்லுக்கு அடியிலுள்ள கிணற்று நீரே அவர்தம் வாழ்வு. மணல் முற்றம் அதற்கு வாயில். கோயில் வெளிவீதியிலும் மணலே இருந்தது. நல்லூரிலே அடியார்கள் பிரதட்டை செய்வது அம்மணலிலேதான். இன்று பல கோயில்களின் வீதியில் இன்ரலொக் கல் பதிந்துள்ளது. வெயிலிலே கால் சுடுகின்றது, மழையிலே முழங்கால் நீர் நிற்கின்றது. பழைய மாணவர் சங்கங்கள் தம் பாடசாலைகளுக்குச் செய்யும் கொடைகளுள்ளும், முன்றிலுக்குக் கல் பதித்தல் இப்போது முதன்மை பெற்றுவிட்டது. கல்லிலே கொடையாளர் பெயரைப் பொறிக்க வசதியாயிருப்பது அதற்கு ஒரு காரணமோ என்னவோ. பதுளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளுக்கு அவ்விதம் கொடுக்க எண்ணும் அன்பர்கள், ஒப்பந்தம் எழுதுமுன் ஒரு மழை நாளிலே அப்பாடசாலைக்கு நேரிற் சென்று, மைதானத்து நீர் எப்பக்கம் போகின்றது என்று குடை பிடித்து நின்று பார்ப்பார்களாக. பின்னர் ஒப்பந்தத்திலே, அடிப்படைச் சல்லி தூளின்றி இருத்தல் வேண்டும், இடுக்குகளிலே சீமெந்து இடலாகாது, கீழ்ப்புறக் கான் முதலிலும் முன்றில் பின்னரும் முடிக்கப்படல் வேண்டும் என்னும் வாசகங்களைச் சேர்த்துக் கையெழுத்திடலாம்.